முதல் மணியில் எடுக்கிற மிசின்

ஃபாரஸ்ட் கேட், லண்டன்
13.10.1996, ஞாயிறு

அன்புள்ள தங்கச்சி மரியமலருக்கு,

மடு மாதா உன்னையும் பிள்ளை டிலானியையும் காக்க. எழுதுவது உன் மொக்கு அண்ணன் கிறிஸ்துராஜா. மொக்கு என்று நீ சொல்ல முன்னம் நானே போட்டுவிட்டேன், உனக்கு ஒரு வேலை குறைவு. முழுக்க வாசி. கிழிப்பதென்றால் பிறகு கிழி.

நேற்று கொழும்பில், கொட்டாஞ்சேனையில் நீ வழக்கமாகப் போன் எடுக்கிற கடைக்கு அடித்தேன். முதலாளி கிருஷ்ணமூர்த்தி நீங்கள் தங்கியிருக்கிற லொட்ஜ்வரைக்கும் நடந்து வந்து உன்னைக் கூப்பிட்டாராம். "அண்ணைக்கு மிசின் இருக்குத்தானே, அதோட கதைக்கட்டும்" என்றாயாம். அடுத்த மாதம் பிள்ளையையும் கொண்டு வன்னிக்கே திரும்பிப் போகிறாய் என்றும் சொன்னார்.

மிசின் கதையைக் கேள். உன்னை இங்கே கூப்பிடுகிற அலுவலுக்கு லோயர் உன் கடதாசிகளைக் கேட்டார். எங்கள் தெரு மூலைக் கடைக்கு நீ அனுப்பிய பக்ஸ் (fax) கடதாசியில் கடைக்காரன் மீன் சுற்றிக் கொடுத்தானோ தெரியாது, என் கைக்கு வரவில்லை. அதுதான் வீட்டுக் கொம்பியூட்டருக்கே பக்ஸ் மோடம் பூட்டுவோம் என்று, எங்கள் கோயிலுக்கு வருகிற அருட்பிரகாசத்தைக் கூப்பிட்டேன். அவன் கொம்பியூட்டரின் முதுகைக் கழற்றி, சீப்புப் பல்லு மாதிரி விளிம்புள்ள ஒரு பச்சை அட்டையை உள்ளே குத்தி இறக்கி, ரெலிபோன் வயரைக் கொழுவினான். கடதாசி எந்த வாயால் வரும் என்று நான் சுற்றிச் சுற்றித் தேடினேன். "கடதாசி வராது அண்ணை, திரையிலதான் வரும்" என்றான். உன் மச்சாள் றோஸ்மலர் விழுந்து விழுந்து சிரித்தாள்.

பிறகு கேட்டான்: "எத்தினை மணிக்கு எடுக்க விட?"

"இரவோ பகலோ, எத்தினை மணியெண்டாலும் எடுக்கட்டும்."

"ஐயோ அண்ணை, போன் அடிக்கிற மணியைக் கேட்டனான்."

"அப்ப முதல் மணியிலையே எடுக்கட்டும். என்ரை தங்கச்சி காத்துக்கொண்டு நிக்கப்படாது" என்றேன்.

பார் என் கரிசனையை! உனக்குக் காசு போகாமல் இரண்டு மணி அடித்து நீ வைக்க வேண்டும், நான் கடைக்குத் திருப்பி எடுக்க வேண்டும். இந்த ஒழுங்கைச் செய்தவனே நான்தான். முதல் மணியிலேயே மிசின் பாய்ந்து எடுத்தால் இரண்டாம் மணிக்கு எங்கே போவது? உனக்குக் காசும் போய், காதுக்குள்ளே பேய்க் கத்தலும்.

ஞாயிறுக்கு ஞாயிறு நீ அடிக்கிற நேரத்துக்கு, பூசை முடிந்து ஓடிவந்து போனுக்குப் பக்கத்திலேயே இருந்தேன். ஒருதரம் அடிக்கும், மோடம் கீச்சிடும். பக்ஸ் வருகிறது என்று திரையைப் பார்த்துப் பல்லைக் காட்டிக்கொண்டிருப்பேன். ஒன்றும் வராது. நீ மணி அடிக்கவில்லை என்று உன்மேல் குறை வேறு. போன கிழமை றோஸ்மலர், "அந்தச் சத்தத்துக்குள்ள ஆரோ அண்ணை எண்டு கூப்பிட்ட மாதிரிக் கிடக்குதப்பா" என்றாள். "கொம்பியூட்டருக்கும் தங்கச்சி இருக்காக்கும்" என்று பகிடி விட்டேன்.

அந்தப் பகிடி மீன்முள்ளு மாதிரித் தொண்டையில் நிற்கிறது, பிள்ளை.

ஆனாலும் எனக்கு ஆறாத ஒன்று இருக்கிறது. அண்ணன் வேண்டுமென்றே செய்தான் என்று நீயும் நம்பினாயே. உன் மூக்கைப் பழித்தேன், உன் கறியைப் பழித்தேன், செத்துப்போன உன் மனிசனின் நடையையும் பழித்தேன். என்றைக்காவது உனக்குக் கதவைச் சாத்தினேனா? மிசின் வைத்து உன்னைத் துரத்துகிற அளவுக்கு எனக்குப் படிப்பு இருக்கிறதா?

வயரை நேற்றே பிடுங்கி எறிந்துவிட்டேன். மிசின் எடுக்கிற மணி எண்ணிக்கையைக் கூட்டி வைத்தால் காணும் என்கிறான் அருட்பிரகாசம். எனக்கு அந்தச் சனியன் வேண்டாம். உன் கடதாசிகளின் கொப்பிகளைத் தபாலில் போடு, லோயர் பொறுக்கட்டும்.

வன்னிக்குப் போகாதே. அங்கே போனும் இல்லை, ஷெல்லடிக்குள் பிள்ளையை எங்கே கொண்டுபோய் வைப்பாய்? இப்போது வீட்டில் இருப்பது வெறும் போன். அடி. இரண்டு மணியோடு வைக்காதே, நான் எடுக்கும்வரை அடிக்க விடு. என்னோடு கதைக்க மனமில்லையென்றால் கதைக்க வேண்டாம், என்னைப் பேசு. நாயே பேயே என்று வாய் நோகுமட்டும் பேசு. நீ போன் அடித்துப் பேசும்வரைக்கும் உன் கோபம் ஆறிப்போகாமல் மாதா பார்த்துக்கொள்ளட்டும்.

உன் அண்ணன்,
கிறிஸ்துராஜா