அண்ணன் கதைக்கு வந்த திருத்தம்

14.03.1998, சனி
றக்வானை

கோபம் இன்னும் அடங்கவில்லை. இரத்தினபுரியில் நடந்த சிறுகதைப் பட்டறையில் இன்று என் கதையை வாசித்தேன். அண்ணிக்குப் பிரசவ வலி வந்த அன்று, ஆஸ்பத்திரிக்குப் போகத் தேயிலைத் தோட்டத்து லொறியைத் தர மாட்டேன் என்ற தோட்டத்து ஆபீஸ் கிளாக்கரை அண்ணன் ஆபீஸ் வாசலில் நின்று ஏசியதுதான் கதை. பிள்ளை வழியிலேயே செத்துப் பிறந்ததையும் எழுதியிருந்தேன்.

பட்டறை நடத்தக் கொழும்பிலிருந்து வந்தவர் சிரித்தார். "தோட்டத்து ஆள் கிளாக்கரை இப்படி எதிர்த்துப் பேசுவாரா? காலில் விழுகிற மாதிரி மாத்துங்க. அப்பதான் வாசிக்கிறவங்க நம்புவாங்க."

"சார் எந்தத் தோட்டத்துக்குப் போயிருக்கீங்க?" என்று கேட்டேன்.

"நிறைய வாசிச்சிருக்கேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணனிடம் கொட்டினேன். "ஒன்னய அந்த கிளாக்கர் கால்ல விழ வைக்கச் சொல்றான்ண்ணே."

அண்ணன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "விழுந்தேன்தானே. விழுந்தும் தரலன்னுதான் ஏசினேன். நீயும் பக்கத்துலதானே நின்ன."

நின்றேன். பார்த்தேன். வெட்கப்பட்டு அதை விட்டுவிட்டேன். தோட்டத்தையே மிதிக்காதவன் குருட்டாம்போக்கில் சரியாகச் சொல்லிவிட்டான். கூடவே நின்ற நான் மறைத்து எழுதியிருக்கிறேன். அதை நினைத்தால் அவன்மேல் இன்னும் ஆத்திரமாக வருகிறது.

விழுந்ததை எழுதத்தான் போகிறேன். ஆனால் அண்ணன் ஏசியதில் ஒரு வார்த்தைகூடக் குறைக்க மாட்டேன்.