புலிநகம் இரண்டு

கொடியில் கிடந்த சட்டையைப் போட்டுக்கொண்டே, மனைவி ஆவுடைத்தாய் சோற்றுப்பானை மேல் வைத்துவிட்டுப் போன சீட்டை ஆறுமுகநயினார் வாசித்தார்.

"இலத்தூருக்கு நடுகைக்குப் போயிருக்கேன். பிள்ளையை மூக்கம்மாக்காகிட்டதான் விட்டிருக்கேன். முறைக்காதீங்க. கன்னத்துல கீறல் எப்படி வந்துச்சுன்னு அவ வாசல்ல நின்னு சத்தம் போட்டீங்கள்லா, நேத்து பகலெல்லாம் நான் அங்கனயே உக்காந்து பாத்தேன். கண்ணு படக்கூடாதுன்னு நீங்க குத்தாலத்துல வாங்கிக் கட்டுன புலிநகத்தைப் பிடிச்சு, பிள்ளையே மூஞ்சியில கீறிக்கிடுது. அந்தக் கீறலைக் கண்ணேறுன்னு நினைச்சு ரெண்டாவது நகத்தையும் கட்டுனீங்க. கீறலும் ரெண்டாச்சு. இப்ப அவுத்துட்டேன். அக்கா பிள்ளையைப் பாக்க மாட்டேன்னுட்டா நான் எப்படி வயலுக்குப் போக? அவகிட்ட நல்லதா ஒரு வார்த்தை சொல்லிட்டுப் பிள்ளையைத் தூக்கிட்டு வாங்க. பெறகு சாப்பிடலாம். புளிக்குழம்பு உறியில இருக்கு."

அடியில் இடமில்லாமல் நெருக்கி எழுதியிருந்தாள்: "நகம் ரெண்டும் உங்க சட்டைப் பையிலதான் கிடக்கு. மூக்குப்பொடி மட்டையை எடுக்கையில பாத்துக் கையை விடுங்க."

அந்த வரிக்கு வருமுன்பே அவர் கையை விட்டிருந்தார். குத்துப்பட்ட விரலைச் சப்பிக்கொண்டே மூக்கம்மாள் வீட்டுக்கு நடந்தார்.