இடுப்பில் இருந்த பியூஸ் கட்டை

அந்த வலியை எத்தனை நாள் மறைத்தீர்கள், அக்கா? எனக்குத் தெரியவில்லை, இனித் தெரியப்போவதும் இல்லை. நேற்று என் மேசை விளக்கில் தூசி கருகிய வாடை வந்தது. மரக்காணத்தில் உங்கள் கோழிக் கொட்டகையில், குஞ்சுகளின் சூட்டுக்காக எரியும் பல்பில் இறகுத்தூள் படிந்தால் வரும் அதே வாடை. ஜன்னலைத் திறந்தேன். அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

கல்லூரி ஆய்வகத்தில் நீங்கள் உதவியாளர், நான் வேதியியல் ஆசிரியை. விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு, உப்பளத்தை ஒட்டிய நிலத்தில் கோழி வளர்க்கப் போனீர்கள். அந்தக் காற்றில் சுவிட்சுகளின் பித்தளையெல்லாம் பச்சை பூத்துவிடும். மாதம் ஒருமுறை கழற்றித் தேய்ப்பீர்கள். நான் ஸ்டூலில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்துவேன். மெயினை அணைப்பது மட்டும் உங்களுக்குப் போதாது. யாராவது தெரியாமல் போட்டுவிடக் கூடாதென்று பியூஸ் கட்டையைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொள்வீர்கள். "இது என் இடுப்புல இருக்கிற வரைக்கும் எமன் வந்தாக்கூட சுவிட்சு போட முடியாதும்மா."

எமனுக்குச் சுவிட்சு தேவைப்படவில்லை.

சுனாமிக்கு அடுத்த ஆண்டு, மழைக்காலம். பல்பு ஹோல்டரை மாற்றிக்கொண்டிருந்தபோது விழுந்தீர்கள். மூன்றாம் நாள் நான் அங்கே போனேன். விளக்கில்லாத கொட்டகையில் பாதிக் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி விறைத்துக் கிடந்தன. உங்கள் தம்பி குடையோடு வாசலிலேயே நின்றார்.

"பொம்பளைக்கு எதுக்கு மேடம் கரன்ட்டு வேலை? சொன்னா கேட்டாளா? இழுத்துப் போட்டுடுச்சு."

"மாரடைப்புன்னு டாக்டர் எழுதிக் குடுத்திருக்காரே."

"அவரு ஆயிரம் எழுதுவாரு. கையில டெஸ்டர் இருந்திச்சே!"

உங்களைக் குளிப்பாட்டிய பக்கத்து வீட்டுச் செல்வி, செத்த குஞ்சுகளை முறத்தில் அள்ளியபடியே சொன்னாள்: "இடுப்புல பியூஸ் கட்டையும் இருந்திச்சு. நான்தான் எடுத்து வெச்சேன். வராத கரன்ட்டு எப்டிண்ணே இழுக்கும்?"

"உனக்கு இன்னா தெரியும்? எவளும் இங்க லைட்டு போடக் கூடாது. நாளைக்கு வண்டி வருது, மொத்தத்தையும் ஏத்திடறேன்."

செல்வி என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தினாள். "கொஞ்ச நாளாவே இடது கை குடையுதுன்னிச்சு மேடம். கேட்டா, தீவன மூட்டை தூக்கினதுன்னிச்சு. உங்ககிட்ட சொல்ல வேணாம்னிச்சு."

என்னிடம் சொல்ல வேண்டாமாம்.

ஸ்டூலை இழுத்துப்போட்டு ஏறினேன். ஹோல்டரில் ஒரு திருகாணிதான் பாக்கி வைத்திருந்தீர்கள். முறுக்கி, பல்பை மாட்டினேன். செல்வியிடமிருந்து கட்டையை வாங்கிச் செருகி, மெயினைப் போட்டேன். விளக்கு எரிந்தது. உங்கள் தம்பி நாலடி பின்னால் நகர்ந்தார். உயிரோடிருந்த குஞ்சுகள் வெளிச்சத்துக்கு அடியில் வந்து நின்றன.

ஒவ்வொரு கம்பியையும் டெஸ்டரால் மூன்று முறை தொட்டுப் பார்த்தவர் நீங்கள். உங்கள் உடம்பை ஒரு முறை காட்டியிருக்கக் கூடாதா? ஒரு மணி நேரத்தில் புதுவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருப்பேனே. உங்கள் தம்பி மேல் இருந்த கோபம் தணிந்துவிட்டது. உங்கள் மேல் உள்ளது தணியவில்லை. தணிய நான் விடவும் இல்லை.

மறுநாள் காலை வண்டி வந்தது. பெரிய கோழிகளை ஏற்றினார்கள். "குஞ்சுங்க இருக்கட்டும், செல்வி பாத்துக்கும்" என்றார் உங்கள் தம்பி. பிறகு கொட்டகைக்குள் போய், நீங்கள் வைத்த பிளக் பாயின்ட்டில் தன் செல்போனுக்குச் சார்ஜ் போட்டார்.