வீடில்லாதவர்களுக்கு ஓட்டு

அன்புள்ள மகள் அம்மணிக்கு,

நீ போனை எடுப்பதில்லை, அதனால் எழுதுகிறேன்.

தேர்தல் நிதி கேட்டுக் கட்சிக்காரர்கள் இந்த முறையும் நம் வீட்டுக்கு வந்தார்கள். போன முறை நான் கொடுத்ததற்காக நீ சண்டை போட்டுக் கிளம்பிய அன்று சொன்னதையே அவர்களிடம் சொன்னேன்: "இந்தக் காசுல சூலூர் பஸ் ஸ்டாண்டுல படுத்துக் கெடக்கறவங்களுக்கு ஒரு கூரை போட்டுக் குடுக்கலாமுங்களே."

ஒன்றியச் செயலாளர் சிரித்தார். "ஏனுங்க, ஊடே இல்லாதவங்களுக்கு ஓட்டு ஏதுங்க?"

வெறுங்கையோடு அனுப்பிவிட்டேன். இனி அவர்களால் நம் தறிக்கூடத்துக்கு என்ன தொல்லை வருமோ, தெரியவில்லை.

அன்று மாலையே பஸ் ஸ்டாண்டில் கிடந்த ஒரு தாயையும் அவள் பெண் குழந்தைகளையும் அழைத்துவந்து, உன் அறையைத் திறந்துவிட்டேன்.

"எப்பங்க காலி பண்ணோணும்?" என்று கேட்டாள்.

"எம்புள்ள வந்தா, அவளும் உங்ககூடவே படுத்துக்குவா" என்றேன்.

வருவாயா, கண்ணு?

உன் அப்பா