மார்ச் மாதத்து அட்டை

அன்புள்ள அஞ்சு,

இந்த லீவுக்கு நீ கீரிப்பாறைக்கு வரவேண்டாம். அம்மா நலம். அவளை அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். வீட்டில் நான் மட்டும்தான்.

எனக்கு வந்திருப்பது பேயும் இல்லை, சாபமும் இல்லை. ரத்தத்தில் வளரும் ஒரு புழு, ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றும் என்று டாக்டர் சொன்னார். மாத்திரை சாப்பிடுகிறேன். ரப்பர் பால்வெட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டேன். மரப்பட்டையைக் கீறியதும் பால் சிரட்டைக்குள் ஒழுகுவதைப் பார்த்தாலே எனக்கு வாயூறுகிறது.

மார்ச்சில் நீ வந்திருந்தபோது நாம் ஒரே பாயில் படுத்தோம். விடிந்து பார்த்தால் உன் கணுக்காலில் ரத்தம் நிற்காமல் வடிந்தது. நான்தான் சுண்ணாம்பு வைத்தேன். "அட்டையாக்கும் ஏட்டி, பேசாம இரி" என்றேன். நீயும் நம்பினாய். எஸ்டேட்டில் பிறந்த நமக்குக் காலில் ரத்தம் என்றால் அட்டைதான்.

அந்த மார்ச்சில் ஒரு தூறல்கூட இல்லை. மழை இல்லாமல் அட்டை ஏது? அன்று காலையில் என் வாயெல்லாம் உப்புக் கரித்ததை நான் யாரிடமும் சொல்லவில்லை.

போன வாரம் போனில் நீ சிரித்துக்கொண்டே சொன்னாய்: "அக்கா, நாகர்கோவில்லயும் அட்டை உண்டு கேட்டியா. எனக்க ரூம்ல இருக்க டெல்சிக்க காலுல டெய்லி ரத்தம்."

உன் ஹாஸ்டலின் மூன்றாவது மாடிக்கு அட்டை ஏறாது, மக்கா.

இன்றைக்கே டாக்டரிடம் போ. டெல்சியையும் கூட்டிக்கொண்டு போ. பஸ்ஸில் அவள் பக்கத்தில் மட்டும் உட்காராதே.

உன் அக்கா