தலையணையில் உட்கார்ந்த அத்தை

அலெக்சினாட்ஸ்
20 டிசம்பர் 1986

அன்புள்ள வீதா அத்தைக்கு,

துன்யா எழுதுவது. நான் நலம், அம்மா நலம். அப்பாவும் நலம்தான், ஆனால் அதை உங்களுக்கு எழுதும்படி அவர் சொல்லவில்லை.

நேற்று பள்ளி மூடிவிட்டார்கள். மூன்று வாரம் விடுமுறை. ஆற்றோரக் குட்டை கல்லாக உறைந்து கிடக்கிறது. காலையெல்லாம் அங்கேதான் சறுக்குகிறேன். இதுவரை ஒன்பது முறை விழுந்தாயிற்று, அதில் ஒரு முறை வேண்டுமென்றே. மத்தியானம் அப்பாவோடு சதுரங்கம். தோற்றால் கோழிகளைப் பார்க்கப் போய்விடுகிறார். நீங்கள் அனுப்பும் கிழிந்த சினிமாச் சீட்டுகளை எல்லாம் நோட்டில் ஒட்டிவிட்டேன். நூற்றுப் பதினாலு. எல்லாம் மஞ்சள், இல்லாவிட்டால் பச்சை. நீலத்தில் ஒன்றாவது கிடைக்காதா?

இவ்வளவு சந்தோஷத்துக்கும் நடுவில் ஒரு பாறாங்கல். செர்பிய மொழி ஆசிரியை நானூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் ஒரு நாவலைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார். ஓர் அக்காவும் தம்பியும் ஒரு கிணற்றுக்காகச் சண்டை போட்டுக்கொண்டு பதினோரு வருடம் பேசாமல் இருக்கிறார்கள். படித்துவிட்டு ‘முதலில் யார் வந்திருக்க வேண்டும்?’ என்று கட்டுரை எழுத வேண்டும். அறுபதாம் பக்கத்தில் இருக்கிறேன். அக்கா ஜன்னலில் நின்றுகொண்டே இருக்கிறாள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

முத்தங்களுடன்,
துன்யா

*

சோகோபான்யா
23 டிசம்பர் 1986

அடி என் புத்தகப் புழுவே,

கடிதம் வந்தது. நாலாம் வகுப்போடு நின்றவளிடம் கட்டுரைக்கு யோசனை கேட்கிறாய் பார், உன் ஆசிரியைக்குத் தெரிந்தால் மயக்கமே வந்துவிடும். புள்ளி, கமா எல்லாம் தேவையான இடத்தில் நீயே போட்டுக்கொள்.

இங்கே நான் நலம். சினிமாவுக்குக் கூட்டம் வருகிறது, படத்துக்கு இல்லை, நான் மூட்டும் கணப்புக்கு. போன சனிக்கிழமை ஒரு கூத்து. படம் ஐந்து சுருள், பஸ்ஸில் வந்து இறங்கியது நாலு. மூன்றாவது சுருள் பஸ்ஸோடு நீஷ் நகரம் வரைக்கும் போய்விட்டது. இரண்டாவது முடிந்ததும் நாலாவதை ஓட்டிவிட்டோம். கதாநாயகன் ஒரு நிமிடம் முன்பு தனிக்கட்டை, அடுத்த நிமிடம் மூன்று பிள்ளைகள். ஜனம் என்னைப் பிடித்துக்கொண்டது. “வீதா, நடுவுல என்ன ஆச்சு?” “என்ன ஆகும்? ஆகவேண்டியது ஆச்சு, வீட்டுக்குப் போங்க” என்றேன்.

உன் நாவலுக்கு வருவோம். அந்தப் புத்தகத்தில் யாராவது ஏதாவது சாப்பிடுகிறார்களா? பசித்த வயிற்றோடு ஜன்னலில் நின்றால் கோபம் வரத்தான் செய்யும். மற்றபடி நியாயம் அக்கா பக்கம்தான். கூப்பிடாத வீட்டுக்கு ஒருத்தி எந்த முகத்தோடு போவாள்? மூத்தவள் அவள். தம்பிக்குத்தான் வாய் இருந்திருக்க வேண்டும். இதை எழுது, முழு மதிப்பெண் வரும்.

நீலச் சீட்டு ஞாயிறு பகல் காட்சிக்கு மட்டும்தான் கிழிப்போம். கிழித்ததும் எல்லாரும் வாயில் போட்டு மென்றுவிடுகிறார்கள் போலிருக்கிறது, ஒன்றுகூடத் தரையில் விழுவதில்லை. பார்க்கிறேன்.

உன் கன்னத்தைக் கிள்ளும்,
வீதா அத்தை

*

அலெக்சினாட்ஸ்
26 டிசம்பர் 1986

அன்புள்ள அத்தைக்கு,

மூன்றாவது சுருள் கதையை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அப்பா செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தார். தாள் குலுங்கியது.

ஆனால் அத்தை, புத்தகத்தில் கூப்பிடுவது, கூப்பிடாதது என்று ஒன்றுமே இல்லையே. சண்டை கிணற்றைப் பற்றியது. நான் நூற்று எண்பதாம் பக்கம் வரை தேடிப் பார்த்துவிட்டேன். நீங்கள் எந்த அக்காவைச் சொல்கிறீர்கள்?

தெரிந்துகொள்ள நேற்று அப்பாவிடம் கேட்டேன், சதுரங்கத்தில் அவரை ஜெயிக்கவிட்டு, நல்ல நேரம் பார்த்து. “நம்ம வீட்டுப் புனிதர் நாளுக்கு அத்தை ஏன் வர்றதில்ல?”

“அத அவகிட்ட கேளு.”

“நீங்க கூப்பிட்டீங்களா?”

“கூப்பிடுறதா? புனிதர் நாளுக்கு யாரையாவது கூப்பிட்டு நீ பாத்திருக்கியா? கதவத் தொறந்து வைப்போம், ரொட்டியும் மெழுகுவத்தியும் மேசைமேல இருக்கும், வர்றவங்க வருவாங்க. நம்ம பாட்டன் காலத்துலேர்ந்து அதான். ஊரான்கூட கூப்பிடாம வர்றான், எங்கக்காவுக்கு நான் சீட்டு எழுதி அனுப்பணுமா? அவ என்ன விருந்தாளியா?”

பிறகு கோழிகளைப் பார்க்கப் போய்விட்டார். உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஒவ்வொரு வருடமும் புனிதர் நாளான ஜனவரி ஒன்பதாம் தேதி, வீடு நிறைய ஆட்கள் இருக்கும்போது, அப்பா ஏழெட்டு முறை கோழிக்கூட்டுக்குப் போகிறார். அங்கிருந்துதான் பஸ் நிறுத்தம் தெரியும்.

கோழிகள் மூன்று வாரமாக ஒரு முட்டைகூடப் போடவில்லை. அதற்கும் அவருக்குக் கோபம்.

துன்யா

*

சோகோபான்யா
28 டிசம்பர் 1986

துன்யா கண்ணே,

குட்டி போலீஸ்காரி நீ. ஒரு வார்த்தை தவறி விழுந்தால் கையும் களவுமாகப் பிடித்துவிடுகிறாய்.

சரி, கேள். உன் அப்பன் சொன்னது முக்கால் உண்மை. பழகிய வீட்டுக்கு யாரையும் கூப்பிடுவதில்லை. ஆனால் புது வீட்டில் ஒருவன் முதன்முதலாகப் புனிதர் நாள் வைத்தால், அந்த முதல் வருடம் வாயைத் திறந்து கூப்பிட வேண்டும். ஒரே ஒரு தடவை. அதற்கப்புறம் ஆயுளுக்கும் கூப்பிட வேண்டாம். எங்கள் அப்பா போனதும் உன் அப்பன் ராதே புது வீடு கட்டிக்கொண்டு விழாவையும் அங்கே எடுத்துப் போனான். புது வீடு, புது வீட்டுக்காரன். பக்கத்து வீடுகளுக்கெல்லாம் போய்ச் சொன்னானாம். எனக்குச் சொல்லவில்லை. நான் என்ன பக்கத்து வீட்டைவிடத் தூரமா?

அன்றைக்கு நான் கிபானிட்சா சுட்டேன். பெரிய வட்டத் தட்டு உங்கள் வீட்டில் கிடந்ததால் சின்னத் தட்டில், ஏடு ஏடாக மாவு தேய்த்து, பாலாடைக்கட்டி வைத்து. கோட்டை மாட்டிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன், கடைசி நேரத்திலாவது ஆள் அனுப்புவான் என்று. இரண்டு பஸ் போயிற்று. பிறகு கோட்டைக்கூடக் கழற்றாமல் முழுத் தட்டையும் நானே தின்றேன். அந்தக் கோட்டுக்கு அன்றிலிருந்து பித்தான் போடமுடிவதில்லை. இதற்கும் உன் அப்பன்தான் காரணம்.

இப்போது நீ என்ன நினைப்பாய் என்று எனக்குத் தெரியும். நீ கூப்பிட்டால் அது செல்லாது. வீட்டுக்காரன்தான் கூப்பிட வேண்டும். ஆகவே கம்மென்று சறுக்கப் போ, எலும்பை உடைத்துக்கொள்.

அத்தை

*

அலெக்சினாட்ஸ்
29 டிசம்பர் 1986

அன்புள்ள அத்தை,

உங்கள் கடிதம் இன்று காலை வந்தது, நான் மத்தியானமே எழுதுகிறேன். நாவலை முன்னூற்றுப் பத்தாம் பக்கத்தில் மூடி வைத்துவிட்டேன்.

நான் உங்களைக் கூப்பிடவில்லை. நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள், கூப்பிடவே இல்லை. வரும் வெள்ளிக்கிழமை, ஜனவரி இரண்டு, கோழி கிறிஸ்துமஸ் என்று மட்டும் சொல்கிறேன். அன்றைக்கு யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை. முதலில் யார் கால் வாசலைத் தாண்டுகிறதோ அவரை வீட்டுக்காரர் தலையணை போட்டு உட்காரவைத்தே ஆக வேண்டும். ஏன் வந்தாய் என்று கேட்கக்கூடாது. வந்தவர் எவ்வளவு நேரம் அசையாமல் உட்காருகிறாரோ அவ்வளவு நன்றாகக் கோழிகள் அடைகாக்கும். போன வருடம் முதலில் நுழைந்தவர் தபால்காரர். பை கனத்தது, இரண்டு நிமிடத்தில் எழுந்துவிட்டார். இந்த வருடம் கோழிகள் இருக்கும் இருப்புக்கு அவர்தான் காரணம் என்று அப்பா இன்றைக்கும் அவரோடு பேசுவதில்லை.

சோகோபான்யாவிலிருந்து முதல் பஸ் ஏழு பத்துக்கு வருகிறது. இது பஸ் கால அட்டவணை, அழைப்பு அல்ல.

துன்யா

பி.கு.: இதை அம்மாவும் படித்தாள். அவளும் உங்களைக் கூப்பிடவில்லை.

*

சோகோபான்யா
3 ஜனவரி 1987

துன்யா,

நேற்று நீ வாசலில் நின்று பால்காரரைத் திருப்பி அனுப்பியதை நான் பஸ்ஸிலிருந்தே பார்த்தேன். பாவம், பால் கேனோடு பனியில் நின்றார்.

உன் அப்பனின் முகத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு விலா வலிக்கிறது. என்னைப் பார்த்தான். கோழிக்கூட்டைப் பார்த்தான். மறுபடி என்னைப் பார்த்தான். உன் அம்மாவிடம் “சோர்க்கா, தலையணை” என்றான். ஐந்து வருடம் கழித்து என் தம்பி என் முன்னால் சொன்ன முதல் வார்த்தை தலையணை.

சுள்ளியை அடுப்பில் போட்டு, “எத்தனை பொறி, அத்தனை குஞ்சு” என்று முறைப்படி சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். மூன்று மணி நேரம். தண்ணீர் குடிக்க எழுந்தால், “எந்திரிக்காதக்கா, கோழி எந்திரிச்சிடும்.” கால் மரத்துப்போய் நீட்டினால், “நீட்டாதக்கா, குஞ்சுக்குக் கால் வளைஞ்சிடும்.” “ஏன்டா, கோழி மூச்சு விடலாமா, அதுவும் கூடாதா?” என்று கேட்டேன். “மெதுவா விடலாம்” என்றான். நீ அப்போது வாயில் துணியை அடைத்துக்கொண்டு சமையலறைக்கு ஓடினாய். நான் பார்க்கவில்லை என்று நினைக்காதே.

ஆனால் நீ பார்க்காதது ஒன்று இருக்கிறது. பஸ் நிறுத்தம்வரை அவன் கூட வந்தான். பஸ் வந்ததும் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தை என் கையில் வைத்தான். “முட்ட போடலேன்னா உன்னத்தான் கேப்பேன்” என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனான்.

பஸ்ஸில் பிரித்தேன். என்னுடைய பெரிய வட்டத் தட்டு. எங்கள் அப்பாவின் நாற்பதாம் நாளுக்கு நான் கொண்டுவந்தது. வெறுமையாக, துடைத்து, பளபளவென்று.

துன்யா, விரோதிக்குக்கூட யாரும் தட்டை வெறுமையாகத் திருப்பித் தரமாட்டார்கள். ஓர் ஆப்பிள், ஒரு பிடி வால்நட், ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு கட்டிச் சர்க்கரையாவது வைப்பார்கள். உன் பொருள் இந்தா, இனி நமக்குள் ஒன்றும் இல்லை என்று முடித்துவிட்டான் போல. கோழிக்காக என்னைப் பொறுத்துக்கொண்டிருக்கிறான். பரவாயில்லை. கோழிகளாவது நன்றாக இருக்கட்டும்.

உனக்கும் சோர்க்காவுக்கும் என் முத்தம். நீ மேற்கொண்டு ஒன்றும் செய்யாதே.

வீதா

*

அலெக்சினாட்ஸ்
5 ஜனவரி 1987

அன்புள்ள அத்தை,

உங்கள் கடிதத்தில் கடைசியில் ‘அத்தை’ என்று போடாமல் வெறும் பெயர் போட்டிருக்கிறீர்கள். அதனால் சறுக்கப் போகாமல் எழுதுகிறேன்.

நீங்கள் கிளம்பக் கோட்டை மாட்டியபோது சமையலறையில் அம்மா அந்தத் தட்டில் ஆறு ஆப்பிளும் ஒரு ஜாடித் தேனும் வைத்திருந்தாள். நான் பக்கத்திலேயே நின்றேன். அப்பா வந்து ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வைத்தார். அம்மா திட்டித் தீர்த்தாள். “ஊர்ல கேட்டா சிரிப்பாங்க, வெறும் தட்டையா குடுத்தனுப்புறது? உங்களுக்குப் புத்தி இருக்கா?”

அப்பா தட்டைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். வெகுநேரம் துடைத்தார். பிறகு சொன்னார்: “நெறைச்சுக் குடுத்தா தட்டு அங்கயே தங்கிடும், சோர்க்கா. வெறுமையா போனாத்தான் அவளுக்குக் கை சும்மா இருக்காது.”

“அதுக்கு ஒரு வார்த்த வாங்கக்கான்னு கூப்பிடுறது.”

“புனிதர் நாளுக்குக் கூப்பிடுறதில்ல” என்றார். காதெல்லாம் சிவப்பு. அப்போதே உங்களோடு கிளம்பிவிட்டார், நான் கூட வரக்கூடாது என்று சொல்லிவிட்டு.

இது போதாதென்றால் இன்னொன்று. சனிக்கிழமை காலை இரண்டு முட்டை. நேற்று மூன்று. அப்பா முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு தெருவெல்லாம் போய்ச் சொல்கிறார். “எங்கக்கா உக்காந்தது. வேற யாராலயும் அப்படி உக்கார முடியாது.” தபால்காரரோடுகூடப் பேசிவிட்டார்.

நாவலை முடித்துவிட்டேன். கடைசிவரை இரண்டு பேரும் பேசிக்கொள்ளவே இல்லை. கிணறும் தூர்ந்துவிடுகிறது. நானூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் ஒரு தடவைகூட யாரும் சாப்பிடவில்லை, நீங்கள் சொன்னது சரி. கட்டுரையில் அதைத்தான் எழுதியிருக்கிறேன்.

ஒன்பதாம் தேதி வெள்ளிக்கிழமை. இதையும் அழைப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

துன்யா

*

சோகோபான்யா
7 ஜனவரி 1987, நம் பழைய நாட்காட்டிப்படி கிறிஸ்துமஸ்

என் செல்லப் போலீஸ்காரிக்கு,

உன் கடிதத்தைச் சினிமாக் கதவில் நின்று படித்தேன். படித்துக்கொண்டே நாற்பது பேரைச் சீட்டுக் கிழிக்காமல் உள்ளே விட்டுவிட்டேன். மேலாளர் கத்தினார். “கிறிஸ்துமஸ், சார்” என்றேன்.

அந்த மடையன் சின்ன வயதிலும் இப்படித்தான். சறுக்குவண்டி வேண்டுமென்றால் கேட்கமாட்டான், உடைந்த பலகையை என் கட்டிலில் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போய்விடுவான். நான் ஆணி அடித்துக் கொடுக்க வேண்டும். ஐம்பது வயதுக்கு மேல் எனக்கு இது மறந்துபோயிற்று பார்.

மாவு பிசைந்து வைத்தாயிற்று. நாளை ஏடு தேய்க்கிறேன். பெரிய தட்டுக்குப் பன்னிரண்டு முட்டை வேண்டும், இங்கே கடை முட்டைதான் கிடைத்தது. உன் அப்பனிடம் சொல்லாதே, மனம் உடைந்துவிடும். ஒன்பதாம் தேதி ஏழு பத்து பஸ். கோட்டுப் பித்தானை இடம் மாற்றித் தைத்துவிட்டேன். திரும்பும்போது தட்டை அங்கேயே மறந்துவிட்டு வருவதாக இருக்கிறேன். அடுத்த வருடமும் வெறுமையாகவே கொடுத்தனுப்பட்டும்.

பண்டிகைத் தபால் ஆமை மாதிரி நகர்கிறது. இந்தக் கடிதம் உங்கள் வாசலுக்கு வருமுன் நான் வந்திருப்பேன். தபால்காரர் வந்தால் நீ ஓடாதே, நானே போய் வாங்குகிறேன். அவரையும் உட்காரவைத்து ஒரு துண்டு கொடுப்போம், இந்தத் தடவை ஆற அமரச் சாப்பிடட்டும். பிறகு எல்லாருக்கும் முன்னால் இதை உரக்கப் படிக்கிறேன், ‘மடையன்’ வரும் இடத்தில் மட்டும் கொஞ்சம் அழுத்தி.

உறைக்குள் தடவிப் பார். நீலச் சீட்டு. கிழிக்காதது.

கூப்பிடாமல் வரும் உன்,
வீதா அத்தை