கரட்டில் கோடரி வைத்தவன் எழுதுவது

அன்பு மாப்ளே ஏழுமலை,

நீ போய் இந்த மாசியோடு இரண்டு வருஷம். நாளைக்கு உன் நினைவு நாள். வாசலில் பந்தல் போட்டாச்சு. உன் பெண்டாட்டிக்கு அண்ணன் என்கிற முறையில் முதலில் என்னைத்தான் பேசச் சொல்லியிருக்கிறார்கள். கூட்டம் என்றால் நான் எப்படி வாய் விடுவேன் என்று உனக்குத் தெரியும். அதனால்தான் இந்த முறை எழுதி வைத்துப் படிக்கப்போகிறேன். எழுதிவிட்டால் நடுவில் பேச்சை மாற்ற முடியாது பார்.

முதலில் நல்ல சேதி. நாம் ரோட்டில் உட்கார்ந்து கேட்ட இடஒதுக்கீடு வந்துவிட்டது. நமக்கு மட்டும் தனியாக இல்லை, நம்மைப்போல இன்னும் பலரோடு சேர்த்து. அது போதும், போதாது என்று டீக்கடையில் இன்னும் சண்டை ஓயவில்லை. உன் மகள் செல்வி பத்தாவது எழுதப்போகிறாள். நர்ஸ் படிக்கணுமாம். நாம் கேட்டது நியாயம்தான், மாப்ளே. அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை. நான் வெட்கப்படுவது வேறொன்றுக்கு.

மறியல் நடந்த அந்தப் புரட்டாசியை நினைத்துப் பார். கள்ளக்குறிச்சி ரோட்டில் முதல் நாளே போலீஸ் வேன் உன்னை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. நீ கையை ஆட்டிவிட்டு ஏறினாய். நான் கரும்புக்கொல்லைக்குள் ஓடி ஒளிந்துகொண்டேன். இது ஊருக்கே தெரியும், இதைச் சொல்லிச் சிரிக்கவும் செய்வார்கள். அதற்கப்புறம் நடந்ததுதான் தெரியாது.

ரோட்டோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டோம். லாரி வைத்து இழுத்து அப்புறப்படுத்தினார்கள். மறுபடி போட்டோம். மூன்றாம் நாள் எங்கள் திருப்பத்தில் வெட்ட மரமே இல்லை. பக்கத்து ஊர்களிலிருந்து வந்த பையன்கள் என்னைப் பார்த்தார்கள். ஓடி ஒளிந்தவன் என்கிற பேரை அழிக்க எனக்கு அன்றைக்கு ஏதாவது செய்தாக வேண்டும்.

"கரட்ல மரம் கீது. வாங்க, நான் வழி காட்றேன்" என்றேன்.

"அது ஏழுமல வளத்த காடாச்சே?" என்று அவர்களோடு வந்த பெரியவர் ஒருத்தர் இழுத்தார்.

"அவுரே நமக்கோசரம்தான உள்ள கீறாரு? வேணாம்னா சொல்லுவாரு?"

இதைச் சொன்னவன் நான், மாப்ளே. முதல் வெட்டும் என்னுடையதுதான். நீ ஜெயிலில் களி தின்றுகொண்டிருந்த நேரத்தில், உன் பேரைச் சொல்லியே உன் காட்டை வெட்டினேன்.

அது என்ன காடு என்று நாளைக்கு வரும் வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். கல்வராயன் மலையடிவாரத்தில் ஒரு மொட்டைக் கரடு, சின்னப் பாறைக் குன்று. சரளைக் கல், கோடையில் கால் வைக்க முடியாது, பெய்த மழை ஒரு மணி நேரத்தில் ஓடிவிடும். அதில் நீ ஒரு கன்றுகூட நடவில்லை. விறகுக்கு வெட்டி வெட்டித் தரையோடு போன பழைய கட்டைகளுக்கு அடியில் வேர் உயிரோடு இருக்கிறது என்று கண்டுபிடித்தாய், அவ்வளவுதான். மழைக்கு மழை அவை துளிர்க்கும், துளிர்த்ததை ஆடு மேயும். நீ ஆட்டை ஏறவிடவில்லை. கட்டைக்கு இரண்டு கிளை மட்டும் விட்டு மற்றதைக் கழித்தாய். சரிவுக்குக் குறுக்கே கல்லடுக்கி ஓடுகிற தண்ணீரை நிற்க வைத்தாய். மொட்டைக் கரட்டுக்குக் காவல்காரன் என்று உன்னைக் கிண்டல் பண்ணினவர்களில் நானும் ஒருத்தன்.

முதலில் புல் வந்தது. அப்புறம் துரிஞ்சி, வெள்வேல், வெப்பாலை. பத்து வருஷ மழை பார்த்ததும் தொடை கனத்துக்கு மரம் நின்றது. தை மாசமே வற்றுகிற உன் கிணற்றில் பங்குனி வரைக்கும் தண்ணீர் இருந்தது. அத்தனையும் ஒரே பகலில் ரோட்டுக்குப் போனது.

ஐப்பசியில் நீ விடுதலையாகி வந்தாய். நேராகக் கரட்டுக்குத்தான் போனாய். நானும் கூடவே வந்தேன், எவனாவது போட்டுக் கொடுத்துவிடப்போகிறான் என்கிற பயத்தில்.

"யாரு மச்சான் வெட்னது?"

"வெளியூர்ப் பசங்க. பேரு ஊரு தெர்ல."

நீ ஒரு கட்டையைத் தடவிப் பார்த்தாய். "செரி வுடு. வேரு கீதில்ல, வந்துடும். ஆடு மட்டும் ஏறாம பாத்துக்கோ."

நீ திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. நாலு மாசத்தில் மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோய்விட்டது. ஆஸ்பத்திரியில் உன் பக்கத்தில் மூன்று நாள் உட்கார்ந்திருந்தேன். அப்போதும் வாய் திறக்கவில்லை.

இதற்கு மேல்தான் எனக்கு எழுதக் கை வரவில்லை.

நீ போன பிறகு கரட்டுக்குப் போகும்போதெல்லாம் அந்தக் கட்டைகள்தான் கண்ணில் படும். பக்கத்தில் முழங்கால் உயரத்துக்குத் துளிர் வந்திருந்தது. ஆனால் கட்டையின் தலையில் என் கோடரி வெட்டு அப்படியே இருந்தது. எனக்கு அதைப் பார்க்க முடியவில்லை. ஏழுமலை பேரில் தோப்பு வைக்கப்போகிறேன் என்று ஊரில் சொன்னேன். தைல மரக்கன்று வாங்கி வந்தேன். வரிசை நேராக வரணும் என்று கயிறு பிடித்து, ஆள் வைத்து, கடப்பாறை போட்டுக் கட்டைகளைத் தோண்டி எடுத்தேன்.

பச்சையம்மா ஓடி வந்தாள். "அண்ணா, அவுரு கட்டையத் தோண்ட வுட மாட்டாரு. தோண்டாத."

"உனுக்கு இன்னா தெரியும்? போய் வூட்டு வேலையப் பாரு" என்றேன். கட்டின தாலியை இழந்து ஒரு வருஷம் ஆகாத தங்கச்சியிடம் சொன்னது அது.

கார்த்திகை மழையில் தோண்டிப்போட்ட மண்ணெல்லாம் சரிந்து உன் கிணற்றில் இறங்கியது. சித்திரையில் கன்றுகள் காய்ந்து குச்சியாக நின்றன. கோடரிக்குத் தப்பின உயிரைப் பிராயச்சித்தம் என்று சொல்லி வேரோடு பிடுங்கினேன், மாப்ளே. தோப்பு வைக்க ஆசைப்பட்டது பாதிதான். சாட்சியை அழிக்கத்தான் தோண்டினேன். இதை எனக்கே ஒத்துக்கொள்ள ஒரு வருஷம் ஆனது.

உச்சியில் பாறையோரமாகக் கடப்பாறை இறங்காமல் ஆட்கள் விட்டுவிட்ட பதினாலு கட்டை மட்டும் மிச்சம். அவற்றின் துளிர் இப்போது என் இடுப்புக்கு வந்துவிட்டது.

போன வாரம் பச்சையம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை. "அவுரு கேட்டாரே, அப்பவே ஒரு வார்த்த சொல்லிருந்தா இன்னா?" என்று கேட்டாள். அப்புறம், "அந்தக் கடப்பாறையக் கொணாந்து எங்கிட்டக் குடுத்துடு" என்றாள். கொடுத்துவிட்டேன். அன்றிலிருந்து பேச்சில்லை.

இனி உன் கரட்டில் நான் எதையும் நடமாட்டேன், எதையும் தோண்டமாட்டேன். மழைக்குச் சரிந்த உன் கல் வரிசையை எடுத்து அடுக்குவேன், ஆடு ஏறாமல் பார்ப்பேன். அங்கே ஏறுகிறதில் பாதி என் ஆடு. அதை இந்த வாரச் சந்தையிலேயே விற்றுவிடுகிறேன்.

நாளைக்கு நான் இதைப் படிக்கும்போது செல்வி முன்னால் உட்கார்ந்திருப்பாள். அவளுக்கு இன்னும் தெரியாது. அப்பா காட்டை வெட்டிய வெளியூர்க்காரர்களைப் பற்றி என்னிடம்தான் ஆத்திரமாகப் பேசுவாள், "அவுங்க கை வெளங்குமா மாமா?" என்று. பாதியில் அவள் எழுந்து போனாலும் போவாள். கூட்டம் கலைந்தாலும், கடைசி வரி வரைக்கும் படித்துவிடுகிறேன், மாப்ளே. இது சத்தியம்.

நீ நம்பின
அந்த வெளியூர்க்காரன்,
உன் மச்சான் தணிகாசலம்